பழைய காம்பேக்ட் டிராக்டரில் கியர் பாக்ஸ் ஆயில் கசிவு: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருந்தால் உடனே ஸ்பேனரைத் தேடாதீர்கள். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. மேலே லிஃப்ட் கவரில் (பின்னால் மாட்டிய கருவியைத் தூக்குகிற ஹைட்ராலிக் லிஃப்ட்டின் மேல் மூடி) கசிந்த ஆயில் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் வழிந்து, அடியில் இருக்கிற டிரெய்ன் போல்ட்டின் முனைக்கு வந்துதான் சொட்டும். நீங்கள் டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கி வைப்பீர்கள், மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே சொட்டு நிற்கும். பழைய வண்டிகளில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் பல வருட ஆயிலும் மண்ணும் சேர்ந்து அடிப்பக்கம் முழுக்க ஒரே கறுப்பாக இருக்கும், எது நேற்று கசிந்தது எது எப்போதோ கசிந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

அதனால் இங்கே சீல் (சுற்றுகிற ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலை உள்ளே நிறுத்துகிற ரப்பர் வளையம்) மாற்றுவதைப் பற்றிக் குறைவாகவும், கசிவைக் கண்டுபிடிப்பதைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன். எஞ்சின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குள் கொண்டுபோகிற இன்புட் ஷாஃப்ட்டின் சீலை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரீதரை, அதாவது கியர் பாக்ஸின் காற்றுப் போக்கியை, சுத்தம் செய்ய ஒரு துணியும் பத்து நிமிடமும் போதும். வெளியே தெரிகிற அறிகுறி இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். எது என்று உறுதியாகத் தெரியாமல் வண்டியைப் பிரிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த ஆயில் எங்கே இருக்கிறது

பெரும்பாலான காம்பேக்ட் டிராக்டர்களுக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியதுதான் வண்டியின் உடம்பே. கியர், டிஃபரென்ஷியல், ஹைட்ராலிக் லிஃப்ட், பல மாடல்களில் வெட் பிரேக்கும் (ஆயிலில் மூழ்கியே வேலை செய்கிற பிரேக்) பவர் ஸ்டீயரிங்கும்கூட, ஒரே தொட்டியில் இருக்கிற ஒரே ஆயிலில்தான் ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 'கியர் பாக்ஸ் ஆயில் குறைகிறது' என்றால் கியர் பாக்ஸில்தான் கசிய வேண்டும் என்று கட்டாயமில்லை. முன்பக்கம் எஞ்சினை ஒட்டி இருக்கிற ஹைட்ராலிக் பம்பிலோ, அதற்குப் போகிற இரும்புக் குழாயிலோ, லோடர் (முன்னால் பக்கெட்டோடு மாட்டுகிற தூக்கி) வால்விலோ போகிற ஆயிலும் அதே தொட்டியின் ஆயில்தான். ஆனால் எல்லா வண்டியும் இப்படி இல்லை. சில பழைய மாடல்களில் ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி இருக்கும், சிலவற்றில் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபைனல் டிரைவுக்குத் தனி ஆயில் இருக்கும், நான்கு சக்கர டிரைவ் உள்ள வண்டிகளில் முன் ஆக்சிலுக்குப் பெரும்பாலும் தனி ஆயில். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை ஒருமுறை புரட்டி, எத்தனை ஆயில் அறைகள், எந்த டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) எதற்கு என்று குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கீழே போவதற்கு முன்

வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்னால் மாட்டியிருக்கிற கருவி, முன்னால் லோடர் இருந்தால் அதன் பக்கெட், எல்லாம் தரையில் இறங்கி இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கி நிறுத்திய எதற்கும் அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் ஹைட்ராலிக் ஹோஸ், குழாய் எதையும் கையால் தடவி கசிவைத் தேடக் கூடாது. அந்தப் பக்கம் அழுத்தம் 100 பாருக்கு மேல் போகும். ஊசித் துவாரம் வழியாக வருகிற ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும், வெளியே ஒரு சின்னப் புள்ளி மட்டும்தான் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவாக இருக்காது. கையை இழக்கிற அளவுக்குப் போகக்கூடிய காயம் அது, உடனடியாக அறுவை சிகிச்சை தேவைப்படும். தேட வேண்டுமென்றால் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு நீளமான அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பி.டி.ஓ. (கருவிகளைச் சுற்ற வைக்க வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஷாஃப்ட்) சுற்றுகிற நேரத்தில் பின்னால் போகாதீர்கள்.

படி 1: அளவைப் பாருங்கள், எழுதி வையுங்கள்

லிஃப்ட்டை முழுக்க இறக்கி, எஞ்சினை அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். லிஃப்ட் மேலே இருந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் நிற்கும், அளவு குறைவாகக் காட்டும். லோடர் இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். திருகி மூடுகிற டிப்ஸ்டிக் என்றால், திருகிப் பார்க்க வேண்டுமா அல்லது சும்மா வைத்துப் பார்க்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல் சொல்வதையே கேளுங்கள்.

கோட்டுக்கு மேலே இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். முந்தைய ஓனர் கசிவுக்குப் பயந்து கூடுதலாக ஊற்றி வைத்திருப்பார். சூடானதும் ஆயில் விரியும் (20 லிட்டர் ஆயில் 50 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேலேயே கூடும்), இடம் போதாமல் பிரீதர் வழியாகவோ பி.டி.ஓ. சீல் வழியாகவோ வெளியே வரும். சரியான அளவுக்கு இறக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், கசிவே நின்றுபோகலாம்.

டிப்ஸ்டிக்கில் வருகிற ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர் லீவர்களின் ரப்பர் பூட் கிழிந்த பழைய வண்டி மழையில் நின்றால் இது சர்வ சாதாரணம். தண்ணீர் சேரச் சேர அளவு கூடும், பிறகு மேல் வழியாக வழியும். இந்த வண்டிக்கு சீல் மாற்றுவதற்கு முன் பூட் மாற்ற வேண்டும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். வெளுப்பு இல்லாமல் நுரை மட்டும் இருந்தால் அது வேறு கதை, கீழே பம்ப் பகுதியில் வருகிறேன்.

அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் அளவையும் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹைட்ராலிக் பம்பை எஞ்சினின் டைமிங் கியர் நேரடியாகச் சுற்றுகிற மாடல்களில், பம்பின் ஷாஃப்ட் சீல் போய்விட்டால் கியர் பாக்ஸ் ஆயில் எஞ்சினுக்குள் போகும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, கியர் பாக்ஸ் அளவு மட்டும் குறைந்துகொண்டே போகும், எஞ்சின் டிப்ஸ்டிக் ஏறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஆயில் ஏறினால் டீசல் கலந்தும் இருக்கலாம், அப்படியென்றால் டீசல் வாடை அடிக்கும், ஆயில் தண்ணீராக இளகியிருக்கும். வாடை இல்லை, கியர் பாக்ஸ் குறைந்திருக்கிறது, எஞ்சின் கூடியிருக்கிறது என்றால் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள், அளவு அதிகமான எஞ்சினை ஓட்டுவது எஞ்சினுக்கே ஆபத்து.

படி 2: பிரீதர்

எந்த சீலையும் சந்தேகப்படுவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். கியர் பாக்ஸ் மூடிய பெட்டி. 20 டிகிரியில் மூடிய காற்று 80 டிகிரிக்குச் சூடானால் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், அதாவது சுமார் 0.2 பார், ஆயிலும் சேர்ந்து விரிவதால் அதைவிடவும் கூடும். சாதாரண ஆயில் சீல் புதிதாக இருக்கும்போதே அரை பார் அழுத்தத்துக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பல வருடம் சூட்டில் இறுகிப்போன சீல் அந்த 0.2 பாருக்கே விட்டுக்கொடுத்துவிடும். அந்த அழுத்தம் வெளியே போவதற்குத்தான் பிரீதர்.

பிரீதர் பெரும்பாலும் கியர் பாக்ஸ் மேல் மூடியிலோ லிஃப்ட் கவரிலோ சின்னத் தொப்பி மாதிரி இருக்கும், சில மாடல்களில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே ஓட்டை இருக்கும், சிலவற்றில் ஒரு ரப்பர் குழாய் மேலே போய் வளைந்து நிற்கும். சீட்டுக்கு அடியில் மண் மூடிக் கிடப்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கழற்றி, டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்து, காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் தாராளமாகக் காற்று போக வேண்டும். குளவி கூடு கட்டி அடைத்த பிரீதர், பெயிண்ட் அடிக்கும்போது சேர்த்து அடித்து மூடிய பிரீதர் எல்லாம் உண்டு.

அடைப்புத்தான் காரணமா என்று உறுதி செய்ய ஓர் எளிய சோதனை இருக்கிறது. வண்டியை ஒரு மணி நேரம் வேலை வாங்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று வந்தால் உள்ளே அழுத்தம் நின்றிருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறங்கள், ஆயில் சூடாக இருக்கும்.

படி 3: கசிவது எந்த ஆயில்

வண்டிக்கு அடியில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை இரவு முழுக்க விரித்து வையுங்கள். அட்டையில் சக்கரங்களின் இடத்தைக் குறித்துவிட்டால் காலையில் எந்தச் சொட்டு வண்டியின் எந்தப் பகுதிக்குக் கீழே என்று தெளிவாகத் தெரியும். நிறத்தையும் பார்க்கலாம். டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பு. கியர்–ஹைட்ராலிக் பொது ஆயில் தேன் நிறத்தில், கறுக்காமல் இருக்கும். தனி கியர் ஆயில் என்றால் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும். சிவப்பு என்றால் யாரோ ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்) ஊற்றியிருக்கிறார்கள், பவர் ஸ்டீயரிங்குக்குத் தனித் தொட்டி இருந்தால் அங்கே பாருங்கள். கூலன்ட் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும், தண்ணீரில் கரையும்.

படி 4: கழுவுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்க வழியே இல்லை. காய்ந்த மண்ணை முதலில் சுரண்டி எடுங்கள். டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் கழுவி, காய விடுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் தூரத்தில் இருந்து பயன்படுத்தலாம், ஆனால் ஷாஃப்ட் சீல், பிரீதர், லீவர் பூட், எலெக்ட்ரிக் கனெக்டர் பக்கம் நேராகக் காட்டினால் தண்ணீர் உள்ளே போய் இல்லாத பிரச்சினையை உண்டாக்கிவிடுவீர்கள். பிறகு சந்தேகமான இடங்களை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இல்லாமல் ஆக்குங்கள். சுரண்டும்போதே ஒன்றைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்: எங்கே அழுக்கு மிகக் கெட்டியாக ஒட்டியிருக்கிறதோ அந்தப் பகுதியில்தான் நீண்ட நாளாக ஆயில் ஈரம் இருந்திருக்கிறது.

காய்ந்ததும் டால்கம் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ பிரஷ்ஷால் தொட்டு எல்லா இணைப்புகளிலும், போல்ட் தலைகளைச் சுற்றியும், சீல்களைச் சுற்றியும் தூவுங்கள். வெள்ளைப் பரப்பில் ஒரு துளி ஆயில் வந்தாலும் கருமையாகக் கோடு விழும். பவுடர் போதாத இடத்துக்கு, ஆயிலில் கலக்கிற யு.வி. டை (புற ஊதா வெளிச்சத்தில் ஒளிர்கிற சாயம்) கிடைக்கிறது. ஹைட்ராலிக் ஆயிலுக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை வாங்கி, அளவோடு கலந்து, சில மணி நேரம் ஓட்டிவிட்டு, இருட்டில் யு.வி. டார்ச் அடித்துப் பார்த்தால் கசிந்த பாதை முழுவதும் பளிச்சென்று மஞ்சள் பச்சையாக ஒளிரும். கிளட்ச் ஹவுசிங் ஓட்டையில் வருவது எஞ்சின் ஆயிலா கியர் பாக்ஸ் ஆயிலா என்ற சந்தேகத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது, டை ஒரு பக்கத்தில் மட்டும் கலந்தால் போதும்.

படி 5: கட்டம் கட்டமாக ஓட்டிப் பாருங்கள்

கழுவியதும் ஒரேயடியாக வயலுக்கு ஓட்டிப்போய் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் எல்லாம் ஆயிலாகவும் மண்ணாகவும்தான் இருக்கும். ரேடியேட்டர் ஃபேன் காற்றைப் பின்னோக்கித் தள்ளும், வண்டி ஓட்டமும் சேர்ந்து முன்னால் கசிந்ததைப் பின்னால் வரை பூசிவிடும். அதனால் சிறு சிறு கட்டமாகச் செய்யுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச்சோடு கீழே போய்ப் பாருங்கள்.

முதல் கட்டம், ஓட்டாமலே ஓர் இரவு நிற்கட்டும். இப்போதே சொட்டினால் கசிவு ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது: டிரெய்ன் போல்ட், ஃபில்டர், சக்ஷன் குழாய் (பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற குழாய்), கீழ்ப்பக்க கவர், ஆக்சில் சீல் இவற்றில் ஒன்று. இரண்டாவது கட்டம், நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, லிஃப்ட்டைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள், லோடர் இருந்தால் அதையும் அசையுங்கள். இப்போது மட்டும் வந்தால் அழுத்தப் பக்கம்: பம்ப், குழாய், வால்வு, லிஃப்ட் கவர். மூன்றாவது, சமதரையில் எல்லா கியரிலும் அரை மணி நேரம் ஓட்டுங்கள், நான்கு சக்கர டிரைவைப் போட்டும் கொஞ்சம் ஓட்டுங்கள். நான்காவது, பி.டி.ஓ.வைச் சுற்றவிட்டு அணையுங்கள். கடைசியில் நல்ல சூடாகும் வரை உண்மையான வேலை. சூட்டில் ஆயில் இளகுவதால், குளிரில் தாங்குகிற சீல் சூட்டில் விடும், ஆகவே கடைசிக் கட்டத்தில் மட்டும் தெரிகிற கசிவுகளும் உண்டு.

சரிவில் நிறுத்திப் பார்ப்பதும் நல்ல சோதனை. வண்டியின் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தினால் முன்பக்க சீல்களும் இன்புட் ஷாஃப்ட் பக்கமும் ஆயிலில் மூழ்கும். பக்கவாட்டுச் சரிவில் நிறுத்தினால் தாழ்ந்த பக்கத்து ஆக்சில் சீல் மட்டும் மூழ்கும். சக்கரக் கட்டையை மறக்காதீர்கள், மிகச் சரிவான இடமும் வேண்டாம்.

பார்க்கும்போது விதி ஒன்றுதான்: ஈரமாக இருக்கிற இடங்களில் எது மிக மேலே, எது மிக முன்னால் இருக்கிறதோ அதைப் பிடியுங்கள். அதற்குக் கீழேயும் பின்னாலும் இருப்பதெல்லாம் அங்கிருந்து வழிந்ததாக இருக்கலாம்.

படி 6: எங்கெங்கே பார்ப்பது

கிளட்ச் ஹவுசிங்கின் அடி ஓட்டை. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில், ஹவுசிங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பல வண்டிகளில் அது அடைக்காமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். இங்கே கறுப்பாக வந்தால் எஞ்சினின் பின் மெயின் சீல், தேன் நிறத்தில் வந்தால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். ஆனால் அவசரப்பட வேண்டாம். எஞ்சினின் மேல் பகுதியில், வால்வ் கவரில் கசிகிற ஆயில்கூட எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து இணைப்பு வழியாக உள்ளே போய் இதே ஓட்டையில் வரும். எஞ்சின் ஆயிலைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் அதுவும் கறுக்காமல்தான் இருக்கும். வண்டியைப் பிரிக்க வைக்கிற தீர்ப்பு இந்த ஓட்டையில்தான் இருக்கிறது, அதனால் பவுடர், அட்டை, டை, டிப்ஸ்டிக் அளவு நான்கும் ஒரே பதிலைச் சொல்லும் வரை பொறுங்கள். ஓட்டையில் எதுவுமே வரவில்லை, ஆனால் கிளட்ச் நழுவுகிறது என்றால் பின்னை அசைத்து ஓட்டையைக் குத்திவிடுங்கள். மண் அடைத்து உள்ளே ஆயில் தேங்கி நின்றிருக்கலாம்.

பின் ஆக்சில் சீல். பின் சக்கரத்தின் உள்பக்க ரிம்மைப் பாருங்கள். சுற்றும்போது ஆயில் மையத்திலிருந்து வெளியே வீசப்படுவதால் ஆரம் ஆரமாகக் கோடு விழுந்திருக்கும். டிரம் பிரேக் உள்ள மாடலில் சீல் போனால் ஆயில் லைனிங்கில் ஏறும், பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. இதைத் தள்ளிப் போடக் கூடாது, அந்த வண்டியைச் சரிவில் ஓட்டவே கூடாது. சீல் வாங்குவதற்கு முன் சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றி, மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது, அதன் மேல் புது சீல் போட்டாலும் நிலைக்காது. டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரத்தின் எடை மிக அதிகம், தனியாகக் கழற்ற முயலாதீர்கள்.

பி.டி.ஓ. ஷாஃப்ட் சீல். பின்னாலேயே இருப்பதால் எளிதாகத் தெரியும், எளிதாக மாற்றலாம். சீலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையில் கயிறு, நார், கம்பி சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சீலின் உதட்டை அறுப்பது பெரும்பாலும் அதுதான். வயிற்றுப் பக்கம் நடு பி.டி.ஓ. இருந்தால் அதையும் பார்க்க மறக்காதீர்கள், மூடி போட்டு வைத்திருப்பதால் அந்த மூடிக்குள்ளேயே ஆயில் சேர்ந்து நிற்கும்.

லிஃப்ட் கவரும் லிஃப்ட் ஷாஃப்ட்டும். சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைக் கழற்றாமல் சரியாகப் பார்க்க முடியாது, கழற்றுங்கள். லிஃப்ட் கைகள் மாட்டியிருக்கிற ஷாஃப்ட்டின் இரண்டு முனைகளிலும் ஓ-ரிங்கோ சீலோ இருக்கும், கைகள் ஏறி இறங்கி ஏறி இறங்கி அந்த இடம் தேய்ந்துவிடும். அங்கிருந்து வருகிற ஆயில் நேராக ஆக்சில் ஹவுசிங் மேல் விழுவதால் ஆக்சில் சீல் போய்விட்டது என்று தோன்ற வைக்கும். கவரின் கேஸ்கெட், லிஃப்ட் லீவர் ஷாஃப்ட்டின் ஓ-ரிங், வால்வ் பிளாக்கின் அடி, எல்லாம் இங்கேதான். ஒரு விஷயம்: தூக்கிய கருவி தானாக இறங்குவது வேறு கோளாறு. உள் சிலிண்டரில் நழுவுகிற ஆயில் தொட்டிக்கே திரும்பிவிடும், அதனால் தரை நனையாது.

பம்பும் சக்ஷன் குழாயும். தொட்டியிலிருந்து பம்புக்கு ஆயிலை உறிஞ்சிப் போகிற குழாயில் ஓட்டை இருந்தால், எஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சினை அணைத்த பிறகுதான் சொட்டும். கூடவே பம்ப் ஊளையிடும், லிஃப்ட் திக்கித் திக்கி ஏறும், டிப்ஸ்டிக்கில் நுரை தெரியும், நுரை பொங்கி பிரீதர் வழியாகவும் ஆயில் வரும். 'நின்றால் கசிகிறது, ஓடினால் கசியவில்லை, சத்தம் வருகிறது' என்ற மூன்றும் சேர்ந்தால் சக்ஷன் குழாயின் ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் ஓ-ரிங் இவற்றைத்தான் முதலில் மாற்ற வேண்டும். செலவு குறைந்த வேலை, பலன் பெரியது. இரும்புக் குழாய்கள் கிளாம்ப்போடு உரசுகிற இடத்தில் துருப்பிடித்து ஊசித் துவாரம் விழும், கிளாம்ப்பைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

நான்கு சக்கர டிரைவ் ஷாஃப்ட். கியர் பாக்ஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகிற ஷாஃப்ட்டை ஒரு குழாய் மூடியிருக்கும். அந்தக் குழாயின் முனைகளில் ஓ-ரிங் இருக்கும், உள்ளே சீல் போனால் ஆயில் குழாய்க்குள் ஓடி வேறு முனையில், முன் ஆக்சில் பக்கம் வந்து சொட்டும். முன் ஆக்சில் கசிகிறது என்று நினைத்து அதைக் கழற்றுவதற்கு முன் இந்தக் குழாயைத் தளர்த்தி நகர்த்திப் பாருங்கள்.

ஷாஃப்ட் ஓ-ரிங்குகள். பிரேக் பெடல் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் லாக் ஷாஃப்ட், கியர் மாற்றும் ராடுகள், பக்கவாட்டு பிளக்குகள். ஒவ்வொன்றும் சின்னது, கசிவும் சின்னதுதான். ஆனால் பழைய வண்டியில் ஐந்தாறு சேர்ந்து கசிந்தால் மொத்தம் பெரிதாகிவிடும்.

ஹவுசிங் இணைப்புகளும் வார்ப்பும் (ஹவுசிங்கின் உலோக உடம்பு). லோடர் மாட்டிய வண்டிகளில் இணைப்பு போல்ட்டுகள் தளர்வது வழக்கம், எடையைத் தூக்கும்போதெல்லாம் அந்த இணைப்புகள்தான் தாங்குகின்றன. மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள், கைபலத்தைக் காட்டி இறுக்கினால் வார்ப்பில் உள்ள மரை போய்விடும். சில போல்ட் துளைகள் உள்ளே ஆயில் அறை வரை போகும், அங்கே ஆயில் மரை வழியாகவே ஏறி போல்ட் தலையில் வரும். போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து திரெட் சீலன்ட் தடவிப் போட்டால் நின்றுவிடும். பவுடரில் எந்த இணைப்பையும் சாராமல் வெறும் வார்ப்பின் நடுவே மயிரிழை மாதிரி கோடு விழுந்தால் அது விரிசல். லோடர் பிராக்கெட் மாட்டிய இடம், தண்ணீர் உறைந்து வெடிக்கக்கூடிய குளிர்ப் பகுதிகளில் அடிப்பக்கம், இந்த இரண்டையும் குறிப்பாகப் பாருங்கள்.

கண்டுபிடித்த பிறகு

கசிவு எவ்வளவு என்று அளந்து பாருங்கள், அதற்கேற்ப முடிவெடுங்கள். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளுக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை போகும், அது விட்டுவைக்கிற கசிவு இல்லை. பரப்பு ஈரமாக இருக்கிறது ஆனால் சொட்டவில்லை, டிப்ஸ்டிக் மாதக்கணக்கில் அசையவில்லை என்றால் அது வெறும் வியர்ப்பு, துடைத்துவிட்டு ஓட்டலாம். இன்புட் ஷாஃப்ட் சீலில் லேசாக வியர்க்கிற வண்டியை அதற்காக மட்டும் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிளட்ச் மாற்றும் நாள் வரும்போது சேர்த்துச் செய்யலாம். ஒருமுறை பிரித்துவிட்டால் இன்புட் சீல், எஞ்சின் பின் சீல், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், மறுபடி பிரிக்கிற வேலையோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை ஒன்றுமே இல்லை. கிளட்ச்சும் பிரேக்கும் நனைவது மட்டும் இதற்கு விலக்கு, அதைத் தள்ளிப் போடக் கூடாது.

பழைய சீலைக் கழற்றும்போது அதன் மேல் அச்சிட்ட எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் மில்லிமீட்டரில் இருக்கும், கம்பெனி பார்ட் கிடைக்காத பழைய மாடலுக்கும் அந்த அளவில் சீல் கிடைத்துவிடும். ஷாஃப்ட்டில் சீல் உரசிய இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் கசியும். உள்ளே இடம் இருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி, தேயாத பரப்பில் உதடு உட்காரும்படி அடிக்கலாம், இல்லையென்றால் கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள ரிப்பேர் ஸ்லீவ் ஒன்றை ஷாஃப்ட்டில் ஏற்றலாம். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிளைன் (ஷாஃப்ட்டின் பல் வரிகள்) மேல் டேப் சுற்றி, நேராக உள்ளே தள்ளுங்கள், சாய்வாக அடித்தால் உதடு கிழிந்துவிடும்.

கசிவை நிறுத்தும் என்று விற்கிற திரவங்களை ஊற்றலாமா என்று நிறைய பேர் கேட்பார்கள். அவை இறுகிப்போன ரப்பரை இளக்கி உப்ப வைக்கின்றன, சில வண்டிகளில் கொஞ்ச காலத்துக்குப் பலன் தெரியும். ஆனால் அதே ஆயிலில் வெட் பிரேக்கோ ஹைட்ரோஸ்டேட்டிக் டிரைவோ (கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் வண்டியை ஓட்டுகிற அமைப்பு) ஓடுகிறதென்றால் நான் ஊற்ற மாட்டேன். கிழிந்த சீலுக்கும் தேய்ந்த ஷாஃப்ட்டுக்கும் அவை எதுவும் செய்யாது. கெட்டியான ஆயிலுக்கு மாறுவதும் அப்படித்தான், குளிரில் பம்ப் உறிஞ்சத் திணறும்.

வேலை முடிந்ததும் மேனுவல் சொன்ன ஆயிலைக் கோடு வரை ஊற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, லிஃப்ட்டைச் சில முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, இறக்கிய நிலையில் மறுபடி அளவு பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் குறைந்திருக்கும். சரி செய்த இடத்தைச் சுற்றி மறுபடியும் பவுடர் தூவிவிட்டு, படி 5-ல் சொன்ன கட்டங்களையே அதே வரிசையில் செய்யுங்கள். ஒரு சீலை மாற்றியதும், இதுவரை வெளிப்படாத இன்னொரு பலவீனமான இடம் கசியத் தொடங்குவது பழைய வண்டிகளில் நடக்கும், முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குள் அது பெரும்பாலும் தெரிந்துவிடும்.